ஒரே தண்ணீர், இரண்டு குளங்கள்: டைல்ஸ் சந்து மட்டும் ஏன் கரைகிறது?

கேள்வி: கோவைப் புறநகரில் நீச்சல் பயிற்சிக்கூடம் நடத்துகிறேன். பெரிய குளம் 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். கான்கிரீட் கட்டுமானம், உள்ளே கண்ணாடி மொசைக், சந்துகளை நிரப்ப வெள்ளைச் சிமென்ட் கிரவுட், ஓரத்தில் கடப்பாக் கல். பக்கத்தில் குழந்தைகளுக்கு ஓர் எஃப்ஆர்பி (கண்ணாடியிழை பிளாஸ்டிக்) தொட்டி இருக்கிறது. முன்பு போர்வெல் தண்ணீரை அப்படியே நிரப்பி, பிளீச்சிங் பவுடர் போட்டு வந்தோம். நீர்மட்டத்தில் வெள்ளையாகப் படிந்ததை ஆசிட் ஊற்றித் தேய்த்தே அலுத்துப்போனோம். எட்டு மாதங்களுக்கு முன் குளத்தைக் காலி செய்து, கிரவுட்டைப் புதிதாகப் போட்டு, சாஃப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் கருவி) பொருத்தி, குளோரின் மாத்திரைக்கு மாறினோம். இப்போது வெள்ளைப் படிவு இல்லை. ஆனால் கிரவுட் மணல் மணலாக உதிர்கிறது; பிள்ளைகளின் பாதங்களில் கீறல் விழுகிறது; கடப்பாக் கல்லும் வெளுத்துச் சொரசொரத்துவிட்டது. அதே தண்ணீரும் அதே மாத்திரையும் போடும் எஃப்ஆர்பி தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. டைல்ஸ் ஒப்பந்தக்காரர் சாஃப்ட்னரைக் குறை சொல்கிறார். சாஃப்ட்னர் விற்றவர் கிரவுட்டைக் குறை சொல்கிறார். யார் சொல்வது சரி? இனி என்ன செய்வது? பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் சிறிய குளம் ஒன்று கட்டவும் எண்ணம் இருக்கிறது. அங்குள்ள கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை 60தான். அதற்கு எந்தப் பூச்சு பொருந்தும்? ஆய்வக அறிக்கைகளை இணைத்திருக்கிறேன்.

பதில்: வணக்கம். நீங்கள் அனுப்பியிருக்கும் அளவுகளைப் பார்த்தவரையில், உங்கள் ஒப்பந்தக்காரர் சொல்வதுதான் பெரும்பாலும் சரி. கிரவுட் போட்ட விதத்தில் குறையே இல்லை என்று நேரில் பார்க்காமல் நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் எவ்வளவு நேர்த்தியாகப் போட்டிருந்தாலும், இப்போது உங்கள் குளத்தில் நிற்கும் தண்ணீர் அதைக் கரைத்தே தீரும். அதற்காகச் சாஃப்ட்னரைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. அதைப் பயன்படுத்திய முறையில்தான் தவறு நேர்ந்திருக்கிறது.

முதலில் சிமென்ட்டைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது இரண்டு பொருள்கள் உண்டாகின்றன. ஒன்று, அதற்கு வலிமை தரும் கால்சியம் சிலிக்கேட் பிணைப்பு. மற்றொன்று, கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. இறுகிய சிமென்ட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை இந்தச் சுண்ணாம்புதான். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பில் சிறிது எடுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டுப் பாருங்கள். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரில் லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்கும் மேலான சுண்ணாம்பு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும். டம்ளரை அப்படியே மறுநாள் வரை விட்டுவைத்தால் மேற்பரப்பில் மெல்லிய வெள்ளை ஆடை படர்ந்திருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து உண்டான கால்சியம் கார்பனேட் அது. உங்கள் குளத்தில் முன்பு படிந்த வெள்ளைப் படிவும், இப்போது சந்துகளில் நடக்கும் கரைவும் இந்த டம்ளருக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

தண்ணீர் ஒரு குறிப்பிட்ட அளவு கால்சியம் கார்பனேட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அந்த அளவுக்கு மேல் போனால் மிகுதியை வெளியே தள்ளும். அது டைல்ஸ் மேல் படிவாகிறது. அளவுக்குக் குறைவாக இருந்தால், எங்கே கிடைக்கிறதோ அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். சிமென்ட் கிரவுட், சிமென்ட் பூச்சு, சுண்ணாம்புக்கல் ஆகியவை கிடைக்கிற இடங்கள். கண்ணாடி மொசைக்கிலும் எஃப்ஆர்பி தொட்டியின் ஜெல்கோட் என்ற மேற்பூச்சிலும் அதற்கு எடுக்க ஒன்றும் இல்லை. ஒரே தண்ணீர் ஒரு குளத்தை அரித்து, பக்கத்துத் தொட்டியைத் தொடாமல் விட்டதற்குக் காரணம் இவ்வளவுதான்.

அந்த அளவைத் தீர்மானிப்பது கால்சியம் மட்டும் அன்று என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பிஎச், காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கும் திறன்), வெப்பம், கரைந்த உப்புகளின் மொத்த அளவு (டிடிஎஸ்) ஆகிய நான்கும் கால்சியத்தோடு சேர்ந்தே கணக்கில் வரும். இவற்றை ஒரே எண்ணாகச் சுருக்கித் தரும் முறையைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாங்கிலியர் 1936இல் வெளியிட்டார். நகரக் குடிநீர்க் குழாய்களின் உட்புறம் அரிக்கப்படுமா, அல்லது படிவு பிடிக்குமா என்று முன்கூட்டியே அறிவதற்காக அவர் வகுத்தது அது. நீச்சல் குளத்துக்காரர்கள் பிற்பாடு எடுத்துக்கொண்டார்கள். குளத்தில் பயன்படும் எளிய வடிவம் இது: பிஎச் அளவோடு வெப்பம், கால்சியம், காரத்தன்மை ஆகியவற்றுக்கு அட்டவணையில் உள்ள எண்களைக் கூட்டி, 12.1ஐக் கழிக்க வேண்டும். டிடிஎஸ் 1000ஐத் தாண்டிய தண்ணீருக்கு 12.2. விடை சுழியத்தை ஒட்டி, 0.3 மேலேயோ கீழேயோ இருந்தால் தண்ணீர் சமநிலையில் இருக்கிறது. அதற்கு மேலே போகப் போகப் படிவு. கீழே போகப் போக அரிப்பு.

உங்கள் அறிக்கையில் குளத்துத் தண்ணீரின் பிஎச் 7.2, காரத்தன்மை 80, கால்சியம் கடினத்தன்மை 30, சயனூரிக் அமிலம் 120, டிடிஎஸ் 1600, வெப்பம் 29 டிகிரி செல்சியஸ் என்று இருக்கிறது. காரத்தன்மை 80 என்பதில் ஒரு மறைவு உண்டு. குளோரின் மாத்திரை விட்டுச்செல்லும் சயனூரிக் அமிலமும் அந்தச் சோதனையில் காரத்தன்மையாகவே கணக்காகிவிடும். அதன் அளவில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால்தான் கார்பனேட்டுக்கு உதவும் காரத்தன்மை எவ்வளவு என்று தெரியும். 120இல் மூன்றில் ஒரு பங்கு 40. ஆகவே உங்கள் குளத்தில் உண்மையில் இருப்பது 40தான். இனிக் கணக்கு எளிது. 29 டிகிரிக்கு 0.7, கால்சியம் 30க்கு 1.1, காரத்தன்மை 40க்கு 1.6. பிஎச் 7.2ஐயும் சேர்த்தால் 10.6 வருகிறது. 12.2ஐக் கழித்தால் கிடைப்பது மைனஸ் 1.6. சிமென்ட் உள்ள எந்தக் குளத்துக்கும் இது மிகக் கடுமையான நிலை.

பழைய நிலையையும் பார்த்துவிடுவோம். உங்கள் போர்வெல் அறிக்கையில் மொத்தக் கடினத்தன்மை 720 என்பதைப் பார்த்துத்தான் அனைவரும் மிரண்டிருக்கிறீர்கள். மொத்தக் கடினத்தன்மையில் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்திருக்கும். குளத்தின் பிஎச் நிலையில் மக்னீசியம் பெரும்பாலும் படிவதில்லை. அதே தாளில் சற்றுக் கீழே 'கால்சியம் 192' என்று இருக்கிறதல்லவா, அதை 2.5ஆல் பெருக்கினால் வரும் 480தான் நமக்குத் தேவையான கால்சியம் கடினத்தன்மை. பிஎச் 7.9, காரத்தன்மை 320, கால்சியம் 480 என்று போட்டால் விடை பிளஸ் 1.2. அந்தத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடரையும் கொட்டி வந்தீர்கள். பிளீச்சிங் பவுடரின் மூலப்பொருளே சுண்ணாம்பு என்பதால், ஒவ்வொரு முறை போடும்போதும் கால்சியமும் பிஎச்சும் ஏறியிருக்கும். வெள்ளைப் படிவு வந்ததில் வியப்பில்லை.

ஆக, பிளஸ் 1.2இலிருந்து மைனஸ் 1.6க்கு ஒரே தாவலில் வந்திருக்கிறீர்கள். சாஃப்ட்னர் செய்வது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு அவற்றுக்குப் பதிலாகச் சோடியத்தை விடுவதுதான். காரத்தன்மையை அது தொடுவதே இல்லை. நிரப்பிய அன்று உங்கள் குளத்தின் காரத்தன்மையும் 320ஐ ஒட்டித்தான் இருந்திருக்க வேண்டும். அது தேய்ந்து இந்த நிலைக்கு வந்ததற்குக் காரணம், பழைய பழக்கத்தில் தொடர்ந்து ஊற்றப்பட்ட ஆசிட்டும், குளோரின் மாத்திரையும். டிசிசிஏ என்று விற்கப்படும் அந்த மாத்திரையைக் கரைத்த தண்ணீரின் பிஎச் 3ஐ ஒட்டியே இருக்கும். சுண்ணாம்பு சார்ந்த மருந்திலிருந்து அமிலம் சார்ந்த மருந்துக்கும், கடின நீரிலிருந்து கால்சியமே இல்லாத நீருக்கும் ஒரே சமயத்தில் மாறியதுதான் இத்தனைக்கும் காரணம். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் கிரவுட் இவ்வளவு விரைவில் உதிர்ந்திருக்காது என்பது என் கருத்து.

சாஃப்ட்னர் விற்றவர் ஒப்புக்கொள்ள மறுத்தால், உங்களிடமே ஒரு சான்று இருக்கிறது. சாஃப்ட்னரிலிருந்து வெளிவரும் தண்ணீரில் கால்சியம் 5 என்று உங்கள் மூன்றாவது அறிக்கை சொல்கிறது. குளத்தில் இருப்பது 30. எட்டு மாத ஆவியாதலில் அந்த 5 ஏறியிருந்தாலும் 10ஐத் தாண்ட வழியில்லை. மாத்திரையிலும் கால்சியம் கிடையாது. மீதி 20 எங்கிருந்து வந்தது? உங்கள் குளத்தின் கொள்ளளவு 350 கன மீட்டர், அதாவது மூன்றரை லட்சம் லிட்டர். கன மீட்டருக்கு 20 கிராம் வீதம் 7 கிலோ. பில்டரைக் கழுவும் பேக்வாஷில் வெளியே போனதைக் கணக்கில் சேர்க்காமலே, கால்சியம் கார்பனேட் கணக்கில் 7 கிலோ அளவுக்கு உங்கள் சந்துகளிலிருந்தும் சுவர்களிலிருந்தும் கல்லிலிருந்தும் தண்ணீருக்குள் போயிருக்கிறது.

வேலைக்குறையா, தண்ணீர்க்குறையா என்பதைக் கண்ணால் பிரித்தறியவும் வழி உண்டு. கிரவுட் கலவை சரியாக இல்லாவிட்டாலோ, போட்ட பிறகு ஈரம் காக்காமல் விட்டிருந்தாலோ, உதிர்வு திட்டுத் திட்டாக, ஒரு நாள் வேலை செய்த பகுதி மோசமாகவும் அடுத்த பகுதி நன்றாகவும் இருக்கும். தண்ணீர் அரித்திருந்தால் நீர்மட்டத்துக்குக் கீழே எங்கும் ஏறத்தாழ ஒரே ஆழத்தில் பள்ளம் விழுந்திருக்கும். சுத்திகரித்த தண்ணீர் வேகமாக வந்து மோதும் வாய்களைச் சுற்றிச் சற்று அதிகம். நீர்மட்டத்துக்கு மேலே உள்ள சந்து மட்டும் போட்டபடியே வழவழப்பாக நிற்கும். விரல் நுனியை மேலிருந்து கீழாக ஒரே சந்தில் ஓட்டினாலே அந்த எல்லை தெரிந்துவிடும். உங்கள் குளம் வழிந்தோடும் வகையாக இருந்தால் வழிந்த தண்ணீர் சேரும் பேலன்சிங் டேங்கின் உட்சுவரையும் பாருங்கள். பெரும்பாலும் அங்கே டைல்ஸ் ஒட்டாமல் வெறும் சிமென்ட் பூச்சோடு விட்டுவிடுவார்கள். ஒரு நாணயத்தின் விளிம்பால் கீறினால் பூச்சு மாவாக உதிர்ந்து, மணல் பருக்கைகள் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்குமானால் வேறு சாட்சி தேவையில்லை. பிள்ளைகளின் பாதங்களைக் கீறுவதும் அதே போன்ற மணல்தான்; அதைச் சுற்றியிருந்த சிமென்ட் கரைந்துபோய்விட்டது.

கடப்பாக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கறுப்பாக இருப்பதால் பலர் அதைக் கிரானைட்டின் தம்பி என்று நினைத்துவிடுகிறார்கள். அது சுண்ணாம்புக்கல் வகை. ஒரு துண்டின் மீது நீர்த்த ஆசிட் ஒரு சொட்டு விட்டால் சிறு குமிழிகளாகப் பொங்கும். கிரானைட்டில் ஒன்றும் நடக்காது. முன்பு படிவைப் போக்க ஆசிட் ஊற்றித் தேய்த்தபோதே அதன் மேற்பரப்பு வெந்திருக்கும். இந்த எட்டு மாதத் தண்ணீர் மிச்ச வேலையைச் செய்திருக்கிறது. அதை மெருகேற்றி ஓரளவு மீட்கலாம். ஆனால் மாற்றுவதாக முடிவெடுத்தால், தண்ணீர் வழியும் விளிம்புக்குக் கிரானைட்டே நல்லது.

இனிச் செய்ய வேண்டியவை. கிரவுட்டை இப்போதே சுரண்டிப் புதிதாகப் போட வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தண்ணீரைச் சரிசெய்யாமல் போடும் கிரவுட் அடுத்த ஆண்டும் உதிரும். கால்சியம் குளோரைடு வாங்கிக் கொட்டினால் கடினத்தன்மை உடனே ஏறும் என்பது உண்மைதான்; 100 கன மீட்டர் தண்ணீரில் 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) ஏற்ற, கடையில் கிடைக்கும் செதில் வகையில் ஏறத்தாழ ஒன்றரை கிலோ வேண்டும். உங்கள் குளத்தை 250க்குக் கொண்டுவர 113 கிலோ ஆகும். ஆனால் ஒவ்வொரு 100 பிபிஎம் உயர்வுக்கும் அது 71 பிபிஎம் குளோரைடைக் கூடவே கொண்டுவரும். ஏணி, கைப்பிடி போன்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பொருள்களில் துருப்புள்ளி விழுவதற்குக் காரணமே குளோரைடுதான். அத்தனை கால்சியமும் உங்கள் போர்வெல்லிலேயே சும்மா கிடைக்கும்போது விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் என்ன?

ஆகவே, குளத்திலுள்ள தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது சுமார் 45 சென்டிமீட்டர் உயரத்தை இறக்கிவிட்டு, சாஃப்ட்னரைச் சுற்றிப் பைபாஸ் குழாய் வழியாகப் போர்வெல் தண்ணீரை நேராக நிரப்புங்கள். கலந்த பிறகு கால்சியம் 180, காரத்தன்மை 160, சயனூரிக் அமிலம் 80 என்ற அளவை ஒட்டி வரும். சயனூரிக் அமிலத்துக்கான கழிவு போக, பிஎச்சை 7.4இல் வைத்தால் லாங்கிலியர் கணக்கு மைனஸ் 0.1, 7.5இல் வைத்தால் சுழியம். கால்சியம் 180 என்பது சிமென்ட் குளங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 200 முதல் 400 வரையிலான வரம்புக்குச் சற்றுக் கீழேதான். காரத்தன்மை அதை ஈடுகட்டிவிடுவதால் இப்போதைக்குக் கவலை இல்லை. இந்த மாற்றத்தில் இன்னொரு லாபமும் உண்டு: சயனூரிக் அமிலம் 120 இருக்கும் தண்ணீரில் குளோரின் இருந்தும் கிருமியைக் கொல்லும் வேகம் மிகவும் குறைந்துவிடும். பிள்ளைகள் நீந்தும் குளத்தில் அதைத் தண்ணீர் மாற்றிக் குறைப்பதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. வெளியேற்றும் தண்ணீரை ஒரு தொட்டியில் சில நாள் வெயிலில் நிறுத்திவைத்துக் குளோரின் போன பிறகு தரை கழுவப் பயன்படுத்தலாம். உப்பு மிகுதி என்பதால் செடிகளுக்கு வேண்டாம்.

அதன் பிறகு, அன்றாடம் குறையும் தண்ணீரை ஈடுசெய்யவும் பைபாஸ் தண்ணீரையே விடுங்கள். 250 சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் மாதத்தில் 37,500 லிட்டர். அதற்கு ஈடாக 480 உள்ள தண்ணீரை விட்டால் கால்சியம் மாதத்துக்கு 50 வரை ஏறும். ஆவியாகும் தண்ணீர் கால்சியத்தை விட்டுவிட்டுத்தான் போகிறது. இரண்டு மாதத்தில் 280ஐ நெருங்கிவிடும். அப்போது சாஃப்ட்னர் தண்ணீருக்கு மாறிக்கொள்ளலாம். உங்கள் சாஃப்ட்னரின் உண்மையான பயன் அந்த இடத்தில்தான் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் ஆவியாதல் மிகும் என்பதால் அப்போது கால்சியம் எதிர்பார்த்ததைவிட விரைவாக ஏறலாம். ஐப்பசி மழையில் குளம் நிரம்பி வழிந்தால் அதுவே இறங்கும். மாதம் ஒரு முறை அளந்துகொண்டு, 250க்குக் கீழே வந்தால் பைபாஸ், 350ஐத் தாண்டினால் சாஃப்ட்னர் என்று திருகை மாற்றிக்கொண்டிருந்தால் போதும்.

அளப்பதிலும் ஒரு எச்சரிக்கை. தோய்த்துப் பார்க்கும் காகிதப் பட்டைகள் பெரும்பாலும் மொத்தக் கடினத்தன்மையைத்தான் காட்டும். கால்சியத்தை மட்டும் அளக்கும் சொட்டுச் சோதனைப் பெட்டி வாங்குங்கள். அதில் முதலில் விடும் காரத் திரவம் மக்னீசியத்தை விலக்கிவிடும்; பிறகு நிறங்காட்டியைச் சேர்த்து, சிவப்பு நிறம் நீலமாக மாறும் வரை சொட்டுகளை எண்ண வேண்டும். நிறம் ஊதாவில் நின்று இழுத்தடித்தால் அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள்.

மருந்தைப் பொறுத்தவரை, சயனூரிக் அமிலம் 50க்கு இறங்கும் வரை மாத்திரையை நிறுத்திவிட்டுச் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்துக்கு மாறுங்கள். அதில் கால்சியமும் இல்லை, சயனூரிக் அமிலமும் இல்லை. பிஎச்சைச் சற்று ஏற்றும் என்பதால் நாள்தோறும் பிஎச் பார்க்க வேண்டும். இதைவிட முக்கியமான ஒன்று: பழைய பிளீச்சிங் பவுடர் மூட்டை மிச்சமிருந்தால் அதையும் குளோரின் மாத்திரையையும் ஒரே அறையில் வைக்காதீர்கள், ஒரே கரண்டியால் அள்ளாதீர்கள், ஒரே கருவியில் போடாதீர்கள். இரண்டும் ஈரத்தோடு கலந்தால் நச்சு வாயு கிளம்பும், தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். கேள்விக்கு இது வெளியே இருந்தாலும், மருந்து மாற்றிய எந்த இடத்திலும் இரண்டும் ஒன்றாகக் கிடப்பதற்கு வாய்ப்பு உண்டு என்பதால் சொல்லிவைக்கிறேன்.

தண்ணீர் நிலைபெற்ற பிறகு கிரவுட் வேலைக்கு வரலாம். அதற்குக் குளத்தை முழுவதும் காலி செய்ய வேண்டியிருக்கும் என்பதால் மழைக்காலத்தில் அதைத் தொடாதீர்கள். நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது காலிக் குளத்தை அது கீழிருந்து தூக்கும். கான்கிரீட் குளத்தில் விரிசல் விழும். எஃப்ஆர்பி தொட்டி மிதந்தே எழும்பிவிடும். தை பிறந்த பிறகு, நிலத்தடி நீர் இறங்கியதைப் பக்கத்துக் கிணற்றில் பார்த்துக்கொண்டு செய்யுங்கள். பழைய கிரவுட்டை மேலோடு தேய்த்துவிட்டு அதன் மேலேயே பூசாமல், ஆழமாகச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்சி கிரவுட் போடச் சொல்லுங்கள். செலவு கூடும், வேலை தெரிந்த ஆள் வேண்டும். ஆனால் அது பிசின் என்பதால் தண்ணீர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. எபாக்சி போட்டாயிற்று, இனித் தண்ணீர் எப்படி இருந்தால் என்ன என்று மட்டும் இருந்துவிடக் கூடாது. மொசைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒட்டுப்பொருளும் அதன் பின்னாலுள்ள பூச்சும் சிமென்ட்தான். எங்காவது ஒரு நூலிழை வழியாகத் தண்ணீர் உள்ளே போனாலும் வேலை அங்கே தொடரும். பிற்காலத்தில் ஒரு சந்திலிருந்து மட்டும் வெள்ளைக் கண்ணீர் போல வடிந்து கட்டியாகிறதென்றால், அது குளத்துத் தண்ணீரின் கடினத்தன்மையால் வந்த படிவு அன்று. பின்னாலிருந்து கசிந்துவரும் தண்ணீர் சிமென்ட்டின் சுண்ணாம்பைக் கொண்டுவந்து கொட்டுகிறது என்று அறிந்து கசிவைத் தேட வேண்டும்.

குழந்தைகள் தொட்டிக்குச் செய்ய வேண்டியது குறைவு. எஃப்ஆர்பிக்குக் கால்சியம் குறைவதால் கேடு இல்லை, மிகுந்தால்தான் தொல்லை. படிவு பிடித்தால் கம்பித் தூரிகையால் தேய்க்கத் தோன்றும்; தேய்த்தால் ஜெல்கோட்டில் கீறல் விழும்; கீறலில் அழுக்கும் பாசியும் தங்கும். கால்சியத்தை 150 முதல் 250க்குள் வைத்துக்கொண்டால் அந்த நிலையே வராது. எஃப்ஆர்பி தொட்டி பழசாகும்போது கையில் வெள்ளையாக ஒட்டும் மாவு வேறு. அது வெயிலிலும் குளோரினிலும் ஜெல்கோட் நைந்து வருவது. நீர்த்த ஆசிட் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பொங்கினால் கால்சியம் படிவு. பொங்காவிட்டால் நைவு என்று எடுத்துக்கொண்டு, ஆசிட் கழுவலை அங்கே தவிர்க்க வேண்டும்.

பொள்ளாச்சித் தோட்டத்துக்கு வருகிறேன். மொத்தக் கடினத்தன்மையே 60 என்றால் கால்சியம் 40ஐ ஒட்டித்தான் இருக்கும். வீட்டு உபயோகத்துக்கான சிறிய குளம்தான் என்றால் எஃப்ஆர்பி அல்லது வினைல் விரிப்பு, இவற்றில் ஒன்றையே நான் பரிந்துரைப்பேன். வினைலிலும் கால்சியம் இல்லை. மென்னீர் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் பிஎச் நெடுநாள் 7க்குக் கீழே கிடந்தால் விரிப்பு சுருங்கி மடிப்பு விழும். ஆகவே அங்கேயும் பிஎச்சையும் காரத்தன்மையையும் கவனிக்கத்தான் வேண்டும். வெள்ளைச் சிமென்ட்டும் சலவைக்கல் மாவும் கலந்து பூசும் வழவழப்பான பூச்சு அழகாகத்தான் இருக்கும். ஆனால் முழுப்பரப்பும் சிமென்ட் என்பதால், அந்தக் கிணற்றுத் தண்ணீருக்கு அது கொஞ்சமும் பொருந்தாது. புதிதாகப் பூசிய முதல் மாதத்தில் மென்னீர் நின்றாலே பூச்சு மாவு மாவாக வெளிவரத் தொடங்கிவிடும்.

டைல்ஸ்தான் வேண்டும் என்று வீட்டில் சொன்னால், எபாக்சி கிரவுட்டோடு கட்டுங்கள். முதல் நாள் நிரப்பும்போதே கால்சியம் குளோரைடு சேர்த்துவிட வேண்டும். உங்கள் போர்வெல் வசதி அங்கே இல்லாததால் இங்கு வேறு வழியில்லை. 60 கன மீட்டர் குளத்துக்கு 40ஐ 200 ஆக்க 14 கிலோ வேண்டும். ஒரே நாளில் கொட்டாமல் மூன்று பங்காகப் பிரித்துச் சேர்க்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீரை எடுத்துக்கொண்டு, அதில் மருந்தைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். கரையும்போது தண்ணீர் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும் என்பதால் ஆறவிட்டுத்தான் குளத்தில் ஊற்ற வேண்டும். காரத்தன்மையை ஏற்றச் சோடா உப்புச் சேர்க்கும் நாளில் இதைச் சேர்க்கக் கூடாது. இரண்டும் சந்தித்தால் குளம் பாலாகிவிடும், பில்டர் அடைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே ஒரு நாளாவது பம்பு ஓடி, தண்ணீர் நன்றாகக் கலந்திருக்கட்டும்.